பாதிப் படம் பிக்சர் டியூபில் இருந்தது

ஜப்பானின் ஒசாகாவில் ஒரு சோபா நூடுல்ஸ் கடை. அதன் மாடியில் பல்லாண்டுகளாக அசையாமல் உட்கார்ந்திருந்தது ஒரு சோனி டிவி. 1980களின் கடைசியில் வந்த மாடல். 43 அங்குலத் திரை, ஏறத்தாழ 200 கிலோ எடை. அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 40,000 டாலர். பிக்சர் டியூப் டிவிகளிலேயே மிகப் பெரியதான அந்த மாடலில் ஒன்றாவது எங்காவது மிஞ்சியிருக்காதா என்று ஒரு கூட்டமே தேடிக்கொண்டிருந்தது. கடைக் கட்டடத்தை இடிக்கப்போகும் நேரத்தில் துப்புக் கிடைத்தது. யூடியூபில் ஷாங்க் மாட்ஸ் என்ற பெயரில் இயங்கும் அமெரிக்கர், அதை மாடியிலிருந்து இறக்கி, கப்பலேற்றி, அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். 2024 டிசம்பரில் அந்தக் கதை காணொளியாக வெளிவந்தது.

எதற்கு இத்தனை பாடு? முப்பது வருடப் பழைய வீடியோ கேம்களை, அவை எப்படித் தெரிய வேண்டுமோ அப்படிப் பார்ப்பதற்கு.

பைத்தியம் என்று தள்ளிவிடும் முன் நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பரணில் பழைய பிளேஸ்டேஷனோ சேகா மெகா டிரைவோ கிடந்தால் தூசி தட்டி எடுங்கள். கூடத்தில் இருக்கும் 55 அங்குல 4கே டிவியில், மஞ்சள் முனை கொண்ட அதே பழைய ஏவி வயரைச் சொருகுங்கள். படம் வரும். கூடவே முகச்சுளிப்பும் வரும். எழுத்துகள் ஊறிப்போய்க் கிடக்கும். சிவப்பு தன் எல்லையைத் தாண்டி வழியும். ஒல்லியான ஆட்கள் எல்லாம் பக்கவாட்டில் இழுபட்டுக் குண்டாகியிருப்பார்கள். யாராவது ஓடினால் உடம்பின் ஓரங்களில் சீப்பின் பற்களைப் போலக் கோடுகள் துருத்தும். பட்டனை அழுத்தினால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் குதிப்பார்கள். இதையா அந்தக் காலத்தில் விடிய விடிய உட்கார்ந்து ரசித்தோம் என்று தோன்றும்.

இதை அல்ல. கன்சோல் இன்றும் அனுப்புவது அன்று அனுப்பிய அதே சிக்னல்தான். அதை வாங்கிப் படமாக்குகிறவர் மாறிவிட்டார். பழைய டிவி அந்தப் படத்தைக் காட்டியது மட்டுமல்ல, பாதியை அதுவே வரைந்தது. அந்தப் பாதியை இன்றைய டிவிக்கு எப்படித் திரும்பக் கொடுப்பது என்பதற்காக ஃபின்லாந்திலும் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் சில பொறியாளர்கள் வருடக்கணக்காக உழைத்திருக்கிறார்கள்.

வெட்டி எறியப்பட்ட அரைக்கோடு

அமெரிக்க, ஜப்பானிய டிவி முறையில் ஒரு முழுப் படத்துக்கு 525 கோடுகள். அதை ஒரே மூச்சில் வரையாமல் இரண்டு தவணையாக வரைவார்கள். முதல் தவணையில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்ததில் இரட்டைப்படைக் கோடுகள். தவணைக்கு 262½ கோடு. அந்த அரைக்கோடுதான் சூட்சுமம். அது இருப்பதால்தான் இரண்டாம் தவணைக் கோடுகள், முதல் தவணைக் கோடுகளின் இடைவெளியில் போய்ச் சரியாக விழுகின்றன. இதற்கு இன்டர்லேஸ் என்று பெயர்.

1983இல் வந்த நின்டெண்டோவின் ஃபேமிகாமும், 1988இல் வந்த சேகா மெகா டிரைவும், அவற்றின் பின்னால் வந்த பலவும் அந்த அரைக்கோட்டை வெட்டி எறிந்துவிட்டன. தவணைக்கு முழுசாக 262 கோடுகளை மட்டும் அனுப்பின. அரைக்கோடு இல்லாததால், டியூபுக்குள்ளிருந்து திரையில் படம் வரையும் எலெக்ட்ரான் கற்றை ஒவ்வொரு முறையும் அதே கோடுகளின் மேலேயே திரும்பத் திரும்ப ஓடியது. நொடிக்கு 60 முழுப் படங்கள், துளி நடுக்கம் இல்லாமல். நடுவிலுள்ள கோடுகளில் எதுவும் விழவில்லை. அவை கறுப்பாகவே கிடந்தன. திரையில் தெரியக்கூடிய கோடுகள் அதிகபட்சம் 240 என்பதால் இந்த முறைக்கு இன்று 240பி என்று பெயர். ஒளிபரப்புத் தர நிர்ணயம் எதிலும் இது கிடையாது. பிக்சர் டியூப் டிவி கேள்வி கேட்கிற சாதனம் இல்லை. கற்றையை எங்கே திருப்பச் சொன்னாலும் திருப்பும். அந்த வெகுளித்தனத்தைக் கன்சோல்காரர்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

கறுப்புக் கோடுகளால் படம் கெட்டுப்போகவில்லை. 256 பிக்சல் அகலமுள்ள முரட்டுப் படத்துக்கு அவை ஒரு நெசவைக் கொடுத்தன. திரையின் உட்புறம் பூசிய பாஸ்பரின் பிரகாசம் விளிம்புகளை மழுக்கியது. வெளிச்சமான கோடு சற்றுத் தடித்தும் மங்கலான கோடு மெலிந்தும் தெரிந்தது. இத்தனையையும் தெரிந்து வைத்துக்கொண்டுதான் ஓவியர்கள் பிக்சல் பிக்சலாக வரைந்தார்கள். 1997இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘காசில்வேனியா: சிம்பொனி ஆஃப் தி நைட்’டில் வரும் ட்ராகுலாவின் முகத்தைப் பாருங்கள். அப்படியே பெரிதாக்கிப் பார்த்தால் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புச் சதுரம் ஒட்டிக்கொண்டிருக்கும், ஏதோ தவறு நடந்ததுபோல. பிக்சர் டியூபில் அதே சதுரம் பக்கத்து நிறங்களோடு கலந்து, இருட்டிலிருந்து முறைக்கும் சிவந்த கண்ணாகிவிடும். 

இதைவிடத் துணிச்சலான வேலை 1991இன் ‘சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்’கில் இருக்கிறது. மெகா டிரைவுக்கு ஒளி ஊடுருவும் நிறங்களைக் காட்டத் தெரியாது. அதனால் முதல் கட்டத்தில் வரும் அருவியைச் செங்குத்துக் கோடுகளாக வரைந்து, ஒன்று விட்டு ஒன்றைக் காலியாக விட்டார்கள். மஞ்சள் வயர் வழியே வரும்போது பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒன்றோடொன்று குழைந்துவிடும். அருவிக்குப் பின்னால் உள்ள பாறை தண்ணீர் வழியே தெரிவதுபோல் ஆகிவிடும். மோசமான வயர் அங்கே தூரிகையின் வேலையைச் செய்தது. நல்ல வயர் போட்டால் அருவி கம்பிக் கதவாகிவிடும். படத்தரம் என்று பேசத் தொடங்குகிறவர்கள் இந்த அருவியை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. மிகத் துல்லியமான படமும் மிகச் சரியான படமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

புது டிவி எங்கே தடுமாறுகிறது

இன்றைய டிவிகள் பலவற்றுக்கு 240பி என்றால் என்னவென்றே தெரியாது. அனலாக் சிக்னல் என்றாலே அது இன்டர்லேஸ் செய்யப்பட்டது என்று முடிவு கட்டிவிடும். அடுத்தடுத்து வரும் இரண்டு தனித்தனி முழுப் படங்களை, ஒரே படத்தின் இரண்டு பாதிகள் என நினைத்துக் கோக்கும். சீப்புப் பற்கள் அங்கேதான் முளைக்கின்றன. பழைய விளையாட்டுகளில் அடிபட்ட ஆள் மின்னி மின்னி மறைவார், நிழல்கள் ஒரு ஃபிரேம் விட்டு ஒரு ஃபிரேம் தோன்றும். பழைய டிவியில் அந்த மின்னல் அரைகுறை நிழலாகத் தெரிந்தது. புது டிவி கோக்கிற வேகத்தில் நிழலே காணாமல் போகும், அல்லது கோடு கோடாக உறைந்து நிற்கும்.

உங்கள் டிவி இதில் தேறுமா என்று பார்க்க ஒரு இலவச மென்பொருள் உண்டு. மெக்சிகோவைச் சேர்ந்த ஆர்டெமியோ உர்பினா எழுதிய ‘240பி டெஸ்ட் சூட்’. பெரும்பாலான பழைய கன்சோல்களுக்கு ஒரு பதிப்பு இருக்கிறது. அதில் ஒரு சோதனை, பின்னணிப் படத்தின் மேல் ஒரு நிழலை ஒரு ஃபிரேம் விட்டு ஒரு ஃபிரேம் காட்டுவது. நிழல் படபடத்தால் டிவி பாஸ். மறைந்தாலோ கோடாகத் தேங்கினாலோ பழுது எங்கே என்று தெரிந்துவிடும்.

இந்த இடத்தில்தான் நம்மில் பலர் ஒரு பெட்டியை வாங்கிவிடுகிறோம். சென்னை ரிச்சி தெருவிலும் எல்லா ஆன்லைன் கடைகளிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், உள்ளங்கைக்குள் அடங்கும் ‘ஏவி டு எச்டிஎம்ஐ’ கன்வெர்ட்டர். மேலே 1080பி என்று அச்சடித்திருக்கும். டிவியில் ஏவி துளையே இல்லாதவர்களுக்கு வேறு வழி தெரியாமல் இதுதான் கதி. என்னைக் கேட்டால், கெட்டுப்போக வாய்ப்புள்ள எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கெடுத்துத் தருகிற சாதனம் இதுவே. 240பியை இதுவும் இன்டர்லேஸ் என்றே எடுத்துக்கொள்ளும். 4:3 படத்தை 16:9க்கு இழுத்துவிடும். அதன் பிறகு எவ்வளவு விலையுயர்ந்த டிவி இருந்தாலும் பயனில்லை. கசங்கிய படத்தை 1080 கோட்டில் அனுப்பினால் கசங்கலும் 1080 கோட்டில்தான் வந்து சேரும்.

முதலில் வயர்

எனவே செலவை எங்கே தொடங்குவது என்றால், வயரில். மஞ்சள் முனையில் வருவது காம்போசிட். வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒரே கம்பியில் குழைத்து அனுப்பும் முறை. மறுமுனையில் டிவி அதை மறுபடி பிரித்தெடுக்க வேண்டும். முழுசாகப் பிரிக்க முடியாததால்தான் எழுத்துகளின் ஓரத்தில் எறும்பு ஊர்வதும், மெல்லிய கோடுகளில் வானவில் பூசுவதும். எஸ்-வீடியோ இரண்டையும் தனித்தனிக் கம்பியில் அனுப்புவதால் பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே அனுப்பும் ஆர்ஜிபி தான் உச்சம். 

ஆர்ஜிபி ஐரோப்பிய வீடுகளுக்குள் நுழைந்ததற்குக் காரணம் பிரெஞ்சுக்காரர்கள். 21 முனை கொண்ட தடித்த ஸ்கார்ட் இணைப்பு அவர்களுடைய படைப்பு. 1980 முதல் பிரான்ஸில் விற்கும் டிவிகளில் அது இருந்தே ஆக வேண்டும் என்றாக்கிவிட்டார்கள். அதனால் பாரிஸிலும் லண்டனிலும் வளர்ந்த பிள்ளைகள் பலர், தாங்கள் அறியாமலேயே, அமெரிக்கப் பிள்ளைகளைவிடச் சுத்தமான படத்தில் விளையாடினார்கள். அமெரிக்காவில் அந்த இணைப்பு காலூன்றவில்லை. ஜப்பானில் பார்ப்பதற்கு அச்சு அசலாக அதேபோன்ற 21 முனை இணைப்பு உண்டு. உள்ளே கம்பிகளின் வரிசை வேறு. இரண்டையும் மாற்றிச் சொருகினால் கன்சோல் சேதமாகலாம். வெளிநாட்டிலிருந்து வயர் வரவழைக்கிறவர்கள் இதை மட்டும் இரண்டு முறை சரிபார்க்க வேண்டும்.

சூப்பர் நின்டெண்டோவும் மெகா டிரைவும் பிளேஸ்டேஷனும் பிறவியிலேயே ஆர்ஜிபி தருபவை. ஆனால் சூப்பர் நின்டெண்டோவின் கடைசிக் காலச் சிறிய மாடலிலிருந்து அதைப் பிடுங்கிவிட்டார்கள். நின்டெண்டோ 64இல் எதையாவது பற்றவைக்காமல் கிடைக்காது, கிடைத்தாலும் அதன் சில்லே படத்தை வேண்டுமென்று மழுக்கி அனுப்பும். ட்ரீம்காஸ்ட் இந்தக் கூட்டத்தில் பணக்கார வீட்டுப் பிள்ளை. விஜிஏ வயர் போட்டாலே பெரும்பாலான விளையாட்டுகளில் 480 கோடு முழுசாகக் கொட்டும்.

நம் ஊரில் அதிகம் மிஞ்சியிருக்கும் பிளேஸ்டேஷன் 2க்குத் தனிச் சிக்கல். அதன் விளையாட்டுகளில் பெரும்பாலானவை உண்மையிலேயே இன்டர்லேஸ் செய்யப்பட்டவை. இங்கே டிவியைக் குறை சொல்ல முடியாது. ஐந்து முனை காம்பொனென்ட் வயர் ஒன்றை மாட்டிவிட்டாலே நிறங்கள் தெளிந்துவிடும். ‘கிரான் டூரிஸ்மோ 4’ போன்ற சில விளையாட்டுகள் 480 கோட்டையும் முழுசாகக் காட்டும் 480பியைத் தங்கள் மெனுவிலேயே தருகின்றன.

ஒன்பது மடங்கு

வயர் சரியானதும் அடுத்த வேலை, வருகிற 240 கோட்டை டிவிக்குப் புரியும் மொழியில் சொல்வது. இதற்கென்றே பிறந்த பெட்டிகளுக்கு ஸ்கேலர் என்று பெயர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கன்வெர்ட்டருக்கும் இவற்றுக்கும் உள்ள முதல் வித்தியாசம், 240பி வந்தால் அது 240பி என்று இவற்றுக்குத் தெரியும்.

2010களின் தொடக்கத்தில் ஜப்பானின் மைகாம்சாஃப்ட் விற்ற ஃபிரேம்மைஸ்டர்தான் பல ஆண்டுகள் ராஜா. படத்தை முழுசாக நினைவகத்தில் வாங்கி, சீராக்கி, வெளியே விடும். விளையாட்டு நடுவில் 240பியிலிருந்து 480ஐ என்ற இன்டர்லேஸ் முறைக்குத் தாவினால் திரை சில நொடிகள் இருண்டுவிடும். அதற்குள் எதிரி அடித்து முடித்திருப்பான். 

ஃபின்லாந்தின் மார்க்கஸ் ஹீயென்காரி வேறு திசையில் யோசித்தார். அவர் வடிவமைத்த ஓஎஸ்எஸ்சி படத்தைச் சேமித்தே வைப்பதில்லை. ஒரு கோடு வந்ததும் அதையே இரண்டாக, மூன்றாக, ஐந்தாகப் பெருக்கி உடனே அனுப்பிவிடும். தாமதம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வடிவமைப்பையும் மென்பொருளையும் எல்லோருக்கும் திறந்தே வைத்தார். ஆனால் சேமிக்காத பெட்டியால் எதையும் சீராக்கவும் முடியாது. சூப்பர் நின்டெண்டோ நொடிக்கு 60.0988 படம் அனுப்புகிறது. டிவி உலகம் எதிர்பார்ப்பது 59.94. இந்தத் துளி வித்தியாசத்தை ஓஎஸ்எஸ்சி அப்படியே கடத்தும். சில டிவிகள் பெரிய மனதோடு ஏற்கும், சில டிவிகள் ‘சிக்னல் இல்லை’ என்று கைவிரிக்கும். வாங்கிச் சொருகிப் பார்க்கும்வரை தெரியாது.

இரண்டு அணுகுமுறைகளின் நல்லதையும் சேர்த்தவர் அமெரிக்கப் பொறியாளர் மைக் சீ. அவருடைய ரெட்ரோடிங்க் வரிசையில் 2021இல் வந்த 5எக்ஸ் ப்ரோவும், 2023இன் இறுதியில் வந்த ரெட்ரோடிங்க் 4கேயும் இன்று இந்தத் துறையின் அளவுகோல்கள். 4கே வந்தபோது அதன் விலை 750 டாலர். நம் கணக்கில் அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல், சுங்கவரி தனி. அந்தக் காசுக்கு ஒரு நல்ல டிவியே வாங்கலாம் என்பதை மறைக்க முடியாது.

அவ்வளவு பணம் எதற்கு என்பதன் பதில் ஒரு எளிய பெருக்கலில் இருக்கிறது. 4கே டிவியின் உயரம் 2160 கோடு. 240ஐ ஒன்பதால் பெருக்கினால் மிச்சம் மீதி இல்லாமல் 2160. பழைய 1080 கோடு டிவியில் இந்தக் கணக்கு உதைக்கும். நான்கரை மடங்கு வரும். அரை மடங்கை எங்கே வைப்பது? நான்கு மடங்காக்கினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை, ஐந்து மடங்காக்கினால் மேலும் கீழும் கொஞ்சம் வெட்டுப்படும். கட்டாயப்படுத்தி நிரப்பினால் சில கோடுகள் தடித்தும் சில மெலிந்தும், படம் நகரும்போது அலையடிக்கும்.

ஒன்பது கோடு கையில் இருந்தால் செய்யக்கூடியது வேறு. ஒரு பழைய கோட்டுக்கு ஒன்பது புதுக் கோடுகள். நடுவில் உள்ளவற்றைப் பிரகாசமாக்கி, ஓரங்களை மங்கவிட்டால் எலெக்ட்ரான் கற்றையின் அதே மேடு பள்ளம் வந்துவிடும். சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளாகப் பிக்சர் டியூபின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சல்லடையைக்கூட வரைந்துவிடலாம். 1968இல் வந்த சோனி ட்ரினிட்ரானின் செங்குத்துக் கம்பிகள் வேண்டுமா, சாதாரண டிவியின் புள்ளிச் சல்லடை வேண்டுமா என்று மெனுவில் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு வந்துவிட்டோம். இப்படிப் பாதித் திரையைக் கறுப்பாக்கினால் வெளிச்சம் சரியுமே என்றால், அதற்கு எச்டிஆர். படங்களில் சூரியனையும் வெடிப்புகளையும் காட்டுவதற்காக டிவிகளில் சேர்த்த கூடுதல் பிரகாசத்தை, இந்தப் பெட்டி பழைய பாஸ்பரின் ஒளியை ஈடுகட்டப் பிடுங்கிக்கொள்கிறது. 4கேயும் எச்டிஆரும் வந்ததால் அதிகம் லாபம் அடைந்தவர்கள் யார் என்று கேட்டால், நான் பழைய கேம் ஆடுகிறவர்களைத்தான் சொல்வேன்.

அகலத்தில் இத்தனை சுத்தம் கிடையாது. 4:3 படம் 4கே டிவியில் 2880 பிக்சல் அகலம் பிடிக்கும். இரண்டு பக்கமும் 480 பிக்சல் கறுப்பு. சூப்பர் நின்டெண்டோவின் 256 பிக்சலை 2880க்கு நீட்டினால் பதினொன்றே கால் மடங்கு. கறுப்புப் பட்டையைப் பார்த்து டிவி வீணாகிறதே என்று படத்தை இழுத்துவிடும் வீட்டுப் பெரியவர்களிடம் கொஞ்சம் போராட வேண்டியிருக்கும். போராடுங்கள். பிக்சலைச் சதுரமாக வைப்பதா, 4:3க்கு நீட்டுவதா என்று ரசிகர்களுக்குள்ளேயே தீராத வழக்கு ஒன்று உண்டு. ஒரே விளையாட்டுக்குள் சில வட்டங்கள் நீட்டினால்தான் வட்டமாகும், சில நீட்டாமல் விட்டால்தான். வரைந்தவர்களே ஒத்துப்போகாத விஷயத்தில் நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு டிவியில் அன்று எல்லோரும் பார்த்தது 4:3 என்பதால் நான் நீட்டுகிற கட்சி.

துப்பாக்கி மட்டும் ஏமாறாது

தாமதத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதை முடியாது. ஒரு ஃபிரேம் என்பது 16.7 மில்லி செகண்ட். பிக்சர் டியூபில் சிக்னல் வந்த கணமே கற்றை வரையத் தொடங்கிவிடும். இன்றைய டிவிகள் படத்தை அழகுபடுத்துகிறேன் என்று உள்ளே வைத்துக்கொண்டு மெருகேற்றும். சில டிவிகளில் அது 100 மில்லி செகண்டை நெருங்கிவிடும், அதாவது ஆறு ஃபிரேம். 1987இன் குத்துச்சண்டை விளையாட்டான ‘மைக் டைசன்ஸ் பஞ்ச்-அவுட்’டில் டைசனின் ஒரு குத்து போதும், ஆள் விழ. ஆறு ஃபிரேம் தாமதத்தில் அவரை வெல்ல நினைப்பது வீண். டிவி மெனுவில் ‘கேம் மோடு’ என்று ஒன்று இருக்கும். ஷார்ப்னெஸ்ஸைக் குறைத்து, மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்து, கேம் மோடைப் போடுங்கள். இந்தக் கட்டுரையில் காசே கேட்காத யோசனைகளில் இது ஒன்று.

தாமதத்தைக் குறைக்கலாம், ஆனால் வாத்து சுடும் விளையாட்டான ‘டக் ஹன்ட்’டின் துப்பாக்கியை ஏமாற்ற முடியாது. விசையை அழுத்தியதும் விளையாட்டு திரையை ஒரு கணம் கறுப்பாக்கி, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் காட்டும். துப்பாக்கியின் மூக்கிலிருக்கும் ஒளி உணரி கறுப்புக்கு அடுத்து வெளிச்சத்தைப் பார்த்தால் குறி சரி. உணரியின் சுற்று, நொடிக்கு 15,734 கோடு வரையும் கற்றையின் துடிப்பை எதிர்பார்த்து அமைக்கப்பட்டது. அதனால் பல்பைக் காட்டி ஏமாற்ற முடியாது. எல்சிடி திரையிலும் ஓஎல்இடி திரையிலும் அந்தத் துடிப்பே இல்லை. கன்சோலுக்கும் டிவிக்கும் நடுவே என்ன வைத்தாலும் வாத்து சாகாது. கேமரா பொருத்திய புதுத் துப்பாக்கிகள் வந்திருக்கின்றன. அவை பெரும்பாலும் பழைய கன்சோலைக் கணினியில் நடிக்கும் எமுலேட்டரோடுதான் பேசும்.

அந்த 15 கிலோ ஹெர்ட்ஸுக்கு இன்னொரு குணமும் உண்டு. டிவி ஓடும்போது ஊசி போன்ற ஒரு ‘கீய்ங்’ சத்தம் வரும். சிறுபிள்ளைகளின் காதுக்கு அது கேட்கும், வயதானால் கேட்காது. பக்கத்து அறையில் சத்தத்தை அணைத்துவிட்டு டிவி பார்த்தாலும் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவதற்குக் காரணம் அதுதான்.

கடைசியாகப் பிடிபட்ட விஷயம் அசைவு. பாஸ்பர் ஒரு புள்ளியை ஒளிரவிட்டு உடனே அணைந்துவிடும். புதுத் திரையோ அடுத்த படம் வரும்வரை 16.7 மில்லி செகண்டும் அதையே பிடித்து வைத்திருக்கும். நகரும் படத்தைத் தொடரும் கண்ணுக்கு அந்தப் பிடிவாதம் மங்கலாகத் தெரிகிறது. சோனிக் வேகமெடுத்ததும் பின்னணி குழம்பிப்போவது அதனால்தான். ஸ்கேலர் எவ்வளவு நன்றாக வரைந்தாலும் இது போகாது. 2024இன் கடைசி நாட்களில் பிளர் பஸ்டர்ஸ் என்ற இணையதளத்தை நடத்தும் மார்க் ரெஜோனும், கிராஃபிக்ஸ் பொறியாளர் டிமோதி லாட்டஸும் இதற்கு ஒரு மென்பொருளை இலவசமாக வெளியிட்டார்கள். 240 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் ஓடக்கூடிய திரைகளில், கற்றை மேலிருந்து கீழே இறங்குவதையே துண்டு துண்டாக நடித்துக் காட்டும். திரை எத்தனை வேகமோ அத்தனை தெளிவு. 60 ஹெர்ட்ஸ் டிவி வைத்திருப்பவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

நம் ஊர் டிவி கேம்

தமிழ்நாட்டில் 90களில் வளர்ந்தவர்களிடம் இருந்தது உண்மையான நின்டெண்டோ இல்லை. ஃபேமிகாமை அப்படியே நகலெடுத்து, சில்லுகள் அத்தனையையும் ஒரு கறுப்புப் பசைக் குமிழுக்குள் அடைத்த ‘டிவி கேம்’. ஊதி ஊதிச் சொருகிய ‘கேசட்’. லேபிளில் 9999 விளையாட்டு, உள்ளே திரும்பத் திரும்ப அதே சில விளையாட்டு. ஆன்டெனா துளையில் சொருகி, சேனலைத் திருகிப் பிடிப்போம். இந்த ஆர்எஃப் முறை எல்லாவற்றிலும் கடைசிப் படி, மஞ்சள் வயரையும்விடக் கீழே. நம் டிவிகள் 50 ஹெர்ட்ஸ் பால் (PAL) முறை என்பதால், அதற்கேற்ப ஓடிய பெட்டிகளில் விளையாட்டும் இசையும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஓடின. ஜப்பானிய வேகத்தில் ‘கான்ட்ரா’வை இன்று முதல்முறை கேட்கிற பலருக்கு இசை அவசரப்படுவதுபோல இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அந்தப் பெட்டி இன்னும் உயிரோடு இருந்தால் அதற்காக ஸ்கேலர் வாங்காதீர்கள். உள்ளே இருந்து வருவதே கலங்கல். அதற்குப் பொருத்தமான திரை ஒன்றை அரசாங்கமே வீட்டுக்கு அனுப்பிவைத்தது. 2006 முதல் 2011 வரை தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குக் கொடுத்த 14 அங்குல இலவசக் கலர் டிவிகள் எல்லாம் பிக்சர் டியூப்தான். மூலையில் கிடக்கிற அதில் படம் வந்தால், தாமதம், சீப்புப் பற்கள், மங்கல் என்று மேலே சொன்ன பல நோய்கள் ஒரே நாளில் தீரும். பழைய இரும்புக்காரருக்குப் போடும் முன் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். ஆனால் பின்மூடியைக் கழற்றி நீங்களே பழுது பார்க்க வேண்டாம். மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் டியூபில் உயிரைப் பறிக்கும் உயர் மின்னழுத்தம் தேங்கியிருக்கும். டிவி மெக்கானிக்குகள் இன்னும் முழுசாக மறைந்துவிடவில்லை.

கன்சோலே வேண்டாம், படம் மட்டும் சரியாக இருந்தால் போதும் என்பவர்களுக்குச் செலவு குறைந்த வழி கணினியிலேயே இருக்கிறது. ரெட்ரோஆர்க் என்ற இலவச மென்பொருளில் பிக்சர் டியூபை நடிக்கும் ஷேடர்கள் பலவகை. ‘சிஆர்டி-ராயல்’ அவற்றில் புகழ்பெற்றது. கொஞ்சம் நல்ல கிராஃபிக்ஸ் சில்லு கேட்கும். மிஸ்டர் என்ற திட்டம் இன்னொரு வழி. பழைய கன்சோலின் சுற்றையே, வேண்டியபடி மாற்றியமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ சில்லுக்குள் மறுபடி எழுப்பி, நேரடியாக எச்டிஎம்ஐயில் படம் தருகிறது.

இப்படி எந்த வழியில் போனாலும், எல்லாவற்றையும் சரிசெய்து முடித்த பிறகு ஒரு கேள்வி பாக்கி நிற்கும்: ‘சூப்பர் மரியோ’வின் வானம் என்ன நிறம்? நின்டெண்டோவின் முதல் கன்சோலுக்குள் ஆர்ஜிபி என்பதே கிடையாது. அதன் படச்சில்லு நேரடியாகக் காம்போசிட் சிக்னலையே உருவாக்கியது. நிறம் என்பது ஓர் அலையின் கட்ட நகர்வு மட்டுமே, அது எந்த நீலம் என்பதை அந்தந்த டிவி முடிவு செய்தது. ஒரு வீட்டில் நீலம், அடுத்த வீட்டில் ஊதா. நின்டெண்டோவின் ஆர்கேட் எந்திரங்களில் ஆர்ஜிபி தரும் சில்லு இருந்தது. அதைப் பெயர்த்தெடுத்து வீட்டு கன்சோலில் வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. அதன் நிறங்களோ வீட்டு கன்சோலோடு பொருந்தவில்லை. அதனால் இன்று எமுலேட்டர்களிலும் மிஸ்டரிலும் நிறப் பட்டியல்கள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தன் டிவியையும் தன் அளவுக் கருவியையும் நம்பித் தயாரித்தது. நான் லேசாக ஊதா கலந்த ஒன்றை வைத்திருக்கிறேன். இது தப்பு, வானம் நல்ல நீலமாகத்தான் இருந்தது என்று என் தம்பி இன்றைக்கும் சண்டைக்கு வருகிறான். நாங்கள் இருவரும் பார்த்தது ஒரே டிவியை.